பூனைக்கு வால் எதற்கு? - நான் தப்பாகச் சொன்ன பாடம்



எங்கள் தெருவில் ஒரு பூனை இருக்கிறது. சில மாதங்களுக்கு முன் வண்டி ஏறி, பாவம், வாலை இழந்துவிட்டது. நேற்று மாலை பக்கத்து வீட்டு மாடிச் சுவரிலிருந்து கால் தவறி விழுந்தது. பதறிப்போய் எழுந்தேன். அதுவோ நான்கு காலும் தரையில் பதிய இறங்கி, உடம்பை ஓர் உதறு உதறிவிட்டு நடந்தது. இரவு எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

சுமார் 35 ஆண்டுகளுக்கு முன் ஐந்தாம் வகுப்பில், "பூனை விழும்போது வாலைச் சுழற்றித்தான் உடம்பைத் திருப்பிக்கொள்கிறது" என்று சொன்னேன். ஒரு பையன் எழுந்து, "சார், வால் அறுந்த பூனை என்ன சார் பண்ணும்?" என்றான். வகுப்பே சிரித்தது. "அதிகப்பிரசங்கி, உட்காருடா" என்றேன். அதன்பிறகு அந்த ஆண்டு முழுவதும் அவன் கேள்வியே கேட்கவில்லை.

அவன் கேட்டது சாதாரணக் கேள்வி அல்ல. பெரிய அறிஞர்களே திணறிய விஷயம் அது.

அந்தரத்தில் விழும் உடம்புக்கு உதைத்துத் திரும்ப ஒரு பிடிமானம் கிடையாது. பிறகு எப்படித் திரும்புகிறது? இயற்பியல் மேதை மாக்ஸ்வெல்லே கேம்பிரிட்ஜில் பூனையைத் தலைகீழாகப் பிடித்து விட்டுப் பார்த்தவர்தான். பிடித்திருப்பவர் கையை உதைத்துக்கொண்டுதான் அது திரும்புகிறது என்று பலர் நம்பினார்கள்.

1894-இல் பிரான்சு நாட்டின் மாரே, விழும் பூனையை அடுத்தடுத்துப் படம் எடுத்து, பாரிஸ் அறிவியல் கழகத்தின் முன் வைத்தார். கையை விட்ட நேரத்தில் பூனை திரும்பவே இல்லை, அந்தரத்தில்தான் திரும்பியது. மறு ஆண்டு இத்தாலியக் கணித அறிஞர் பியானோ, வால் ஒரு பக்கம் சுழல, உடம்பு மறுபக்கம் திரும்புகிறது என்று விளக்கினார். நான் நடத்திய பாடமும் இதுதான்!

ஆனால் இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவே மான் தீவு என்று ஒன்று உண்டு. அந்தத் தீவுப் பூனைகளில் பல பிறவியிலேயே வால் இல்லாதவை. வாலில்லாத பூனைகளும் விழும்போது திரும்பிக்கொள்கின்றன. 1969-இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் கேன், ஷெர் இருவரும் கணக்குப் போட்டே காட்டினார்கள்: வேலை செய்வது முதுகெலும்பு. பூனை இடுப்பை வளைத்து, முன்காலை மடக்கி, பின்காலை நீட்டுகிறது. முன்பாதி அதிகம் திரும்ப, பின்பாதி கொஞ்சமாக எதிர்ப்பக்கம் திரும்புகிறது. பிறகு முன்காலை நீட்டிப் பின்காலை மடக்கினால் பின்பாதியும் வந்து சேர்ந்துவிடும். வால் கொஞ்சம் உதவலாம், கட்டாயம் இல்லை.

அப்படியானால் வால் எதற்கு? குறுகலான மதில்மேல் நடக்கும்போது நிலை தடுமாறாமல் இருக்க. அடுத்து, பேச. வாலை நட்டமாகத் தூக்கி வந்தால் நட்பு. மயிர் சிலிர்த்துப் புடைத்தால் பயம். எங்கள் தெருப் பூனையும் முன்பு மதில்மேல் ஓடும். இப்போது பார்த்துப் பார்த்துத்தான் நடக்கிறது.

இன்று பள்ளியில் பணியாற்றும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். பதில் தெரியாவிட்டால், "நாளைக்குப் பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்லுங்கள். மரியாதை ஒன்றும் குறைந்துவிடாது. அன்று எனக்கு அது தெரியவில்லை.

அந்தப் பையனுக்கு இப்போது 45 வயது இருக்கும். தம்பி, இதைப் படித்தால், உன் கேள்வி சரியானது. வாத்தியார் சொன்னதுதான் தப்பு. மன்னித்துக்கொள்ளப்பா.