ஆசிரியரை அளந்த கோல்

ஆசிரியரின் பணியை எதைக் கொண்டு அளப்பது என்னும் வினா நேற்று முளைத்ததன்று. மாணாக்கன் தேர்வில் பெற்ற பலனைக் கொண்டு பள்ளியின் வருவாயையே அறுதியிட்ட காலம் ஒன்று இருந்தது. இலண்டனில் தோன்றிய அம்முறை சென்னை மாகாணத்தில் வேரூன்றியது. அதன் சாயல் மலாயாவின் தோட்டப் பள்ளிகளிலும் படிந்தது.

1862இல் இங்கிலாந்தின் கல்வித் துறைக்குப் பொறுப்பேற்றிருந்த இராபர்ட் லோ புதிய மானிய விதியைக் கொண்டுவந்தார். அதன்படி பள்ளிக்கு ஒரு பிள்ளையின் வருகைக்காக 4 ஷில்லிங். வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் தேறினால் மேலும் 8 ஷில்லிங். ஒரு பாடத்தில் தவறினால் 2 ஷில்லிங் 8 பென்ஸ் கழிவு. திட்டம் திறமானதாக இராவிட்டால் மலிவானதாகவாவது இருக்கும் என்பது அவர் கணக்கு. விளைவு என்ன? ஆசிரியர் பிள்ளைக்குக் கற்பிப்பதை விட்டு, ஆய்வாளருக்குக் கற்பிக்கத் தொடங்கினார். பிள்ளைகள் வாசக நூலை மனப்பாடம் செய்து, வாசிப்பது போல ஒப்பித்தனர். 35 ஆண்டுகள் பள்ளி ஆய்வாளராக இருந்த கவிஞர் மாத்யூ ஆர்னால்டு, எழுதப் படிக்க உண்மையில் அறியாத பிள்ளையையும் தந்திரமாகத் தேர்வில் தேற்றிவிடலாம் என்று தம் அறிக்கைகளில் எடுத்துக்காட்டினார். அவ்விதி முற்றும் ஒழிய 1890களின் இறுதி வரை காத்திருக்க நேர்ந்தது.

சென்னையிலும் 1860களில் இம்முறை புகுந்தது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. நம் திண்ணைப் பள்ளியில் வெளியார் வந்து சோதிக்கும் வழக்கம் இல்லை. சட்டாம்பிள்ளை பாடம் கேட்பான்; மணலில் எழுதிய எழுத்துப் பிழையானால் அங்கேயே அழித்துத் திருத்துவான். பிழைக்கும் திருத்தத்திற்கும் இடையே ஒரு கை நீளம்தான் தொலைவு! 1789இல் எழும்பூர் அநாதைச் சிறுவர் விடுதிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் பாதிரியார் இதனைக் கண்டு கையாண்டு, 1797இல் நூலாகவும் வெளியிட்டார். இங்கிலாந்தில் அதற்குச் ‘சென்னை முறை’ என்றே பெயர் வழங்கியது. நாம் மணலெழுத்தைக் கொடுத்தோம். அவர்கள் ஷில்லிங் கணக்கைத் திருப்பித் தந்தார்கள். திண்ணைப் பள்ளிகளுக்குப் பலனுக்கேற்ற மானியமே தக்கதென 1882இல் அமைந்த ஹண்டர் குழுவும் கருதியது. கர்சன் பிரபு காலத்து 1904ஆம் ஆண்டுக் கல்வித் தீர்மானமே அம்முறைக்கு விடை கொடுத்தது.

மலாயாவுக்கு வருவோம். ஐக்கிய மலாய் மாநிலங்களின் 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தார் பள்ளி அமைக்க வேண்டுமென வகை செய்தது. கடாரம் அந்த ஐக்கியத்தில் சேராத மாநிலம்; எனினும் சுங்கைப்பட்டாணி, கூலிம், பீடோங் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களிலும் பள்ளிகள் எழுந்தன. கிராணியோ கங்காணியோ எழுத்தறிந்த பால்வெட்டுத் தொழிலாளியோ வாத்தியாரான இடங்கள் பல. அரசின் உதவித்தொகை பிள்ளைகளின் வருகையையும் ஆண்டுத் தேர்வையும் ஒட்டி அமைந்தது. பயிற்சி பெறாத அவ்வாசிரியருக்கு வேண்டியிருந்தது வகுப்பில் உடனிருந்து வழிகாட்டும் ஒருவர். வந்தவரோ பதிவேட்டைப் பார்த்துச் சென்றார். தோட்டப் பள்ளியின் தாழ்வுக்கு ஆசிரியரையே குறை சொல்வோர் இதனை எண்ணிப் பார்ப்பதில்லை.

அளப்பது வேறு, திருத்துவது வேறு என்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின. 1988இல் இஸ்ரேலிய ஆய்வாளர் ரூத் பட்லர் பிள்ளைகளின் விடைத்தாள்களை மூவகையாகத் திருத்தித் தந்தார். குறிப்புரை மட்டும் பெற்றவர்கள் முன்னேறினர். மதிப்பெண் மட்டும் பெற்றவர்கள் முன்னேறவில்லை. இரண்டும் பெற்றவர்களும் முன்னேறவில்லை என்பதே வியப்பு. மதிப்பெண்ணைக் கண்டபின் குறிப்புரையை யார் படிக்கிறார்! ஆசிரியர்க்கும் இது பொருந்தும். அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில், தேர்ந்த ஆசிரியர்களும் தலைமையாசிரியரும் ஓராண்டில் நான்கு முறை வகுப்பில் அமர்ந்து பார்த்து விரிவாகக் கருத்துரைத்தனர். அவ்வாறு பார்க்கப்பட்ட ஆசிரியர்களின் மாணாக்கர் கணக்கில் உயர்ந்தனர். மதிப்பீட்டு ஆண்டு முடிந்த பின்னும் அவ்வுயர்வு நீடித்தது என்று 2012இல் டெய்லரும் டைலரும் எழுதினர்.

நம் நாட்டில் 1988இல் தொடங்கிய யூ.பி.எஸ்.ஆர். தேர்வு, தமிழ்ப்பள்ளிகளுக்கு ஷில்லிங் கணக்கின் மறுபிறவியாகவே அமைந்தது எனலாம். ஏழு ‘ஏ’ பெற்ற பிள்ளைகளின் படங்கள் நாளிதழ்ப் பக்கங்களை நிறைத்தன. பள்ளியின் பெயரும் ஆசிரியரின் பெயரும் அந்த எண்ணிக்கையில் தொங்கின. ஏழு பெறாத பிள்ளைக்கு எங்கே தடுக்கியது என்று எந்தப் பக்கமும் சொல்லவில்லை. 2021இல் அத்தேர்வு நீக்கப்பட்டது. இப்போது வகுப்பறை மதிப்பீட்டில் மாணாக்கரின் தேர்ச்சி ஆறு நிலைகளாகக் குறிக்கப்படுகிறது. ஆசிரியரைப் பார்வையிடுவோர் 2017 முதல் கையாளும் தர அளவுகோலில் ஆசிரியருக்கு ஐந்து கூறுகள் உள்ளன: திட்டமிடுபவர், வகுப்பை நடத்துபவர், வழிகாட்டுபவர், ஊக்குவிப்பவர், மதிப்பிடுபவர். ஆறாவது கூறு ஆசிரியரைப் பற்றியதே அன்று. பிள்ளை தானே முனைந்து கற்கிறானா என்பது. சுங்கைப்பட்டாணியிலோ மெர்கோங்கிலோ பார்வையாளர் அந்த ஆறாவது கட்டத்தில் எண்ணை இட்டுவிட்டுக் காருக்குத் திரும்புகிறாரா, அல்லது நாற்காலியை இழுத்துப் போட்டு ஆசிரியரோடு அரைமணி நேரம் பேசுகிறாரா என்பதை அந்தப் படிவம் பதிவு செய்வதில்லை.