யாழ்ப்பாணத்தின் பெயரைச் சுமந்தவர்கள்: ஒரு தரவரிசை

பட்டியல் போடுவது பத்திரிகைக்காரர்களின் பழைய நோய். ஆண்டு முடிவில் சிறந்த பத்து நூல்கள், சிறந்த பத்துப் படங்கள், மறக்க முடியாத பத்து நிகழ்வுகள் என்று பக்கம் நிரப்பிப் பழகிய கை, ஓய்ந்திருக்கும்போதும் சும்மா இருப்பதில்லை. சென்ற வாரம் தேநீர்க் கடையொன்றில் நாலைந்து இளைஞர்கள் தமக்குள் வாதிட்டுக்கொண்டிருந்தார்கள். யாழ்ப்பாண அணிக்காக ஆடியவர்களுள் மிகச் சிறந்தவர் யார் என்பதே வாதம். ஒருவர் என் பக்கம் திரும்பி, "வியாஸ்காந்துக்குப் பிறகுதானே ஐயா மற்ற எல்லாரும்?" என்று கேட்டார். "யோசித்துச் சொல்லுகிறேன் தம்பி" என்று எழுந்து வந்துவிட்டேன். யோசித்ததன் விளைவு இக்கட்டுரை.

லங்கா பிரீமியர் லீக் 2020இல் தொடங்கியது. 2024 வரை நடைபெற்ற ஐந்து சுற்றுப்போட்டிகளில் 2020, 2021, 2022, 2024 ஆகிய நான்கிலும் யாழ்ப்பாண அணியே கிண்ணத்தை வென்றது. முதலாண்டில் அணியின் பெயர் ஜஃப்னா ஸ்டாலியன்ஸ். 2021இல் லைக்கா நிறுவனத்தின் கைக்கு மாறியபின் ஜஃப்னா கிங்ஸ். தொழில்முறை விளையாட்டில் ஐந்துக்கு நான்கு என்பது எந்த நாட்டிலும் பெருமைக்குரிய கணக்கு. அமெரிக்கக் கூடைப்பந்தாட்டத்தில் பொஸ்டன் செல்டிக்ஸ் அணி பில் ரசல் ஆடிய 13 பருவங்களில் 11 முறை வென்றதை இன்றும் பேசுகிறார்கள். அவர் அணிந்த 6ஆம் இலக்கச் சட்டையை அந்த அணியில் வேறு எவரும் அணிவதில்லை. அந்த இலக்கம் அவ்வூர் அரங்கின் கூரையில் தொங்குகிறது.

நமது அணிக்கு அப்படித் தொங்கவிட ஒரு கூரை இருந்ததில்லை. அம்பாந்தோட்டை, கொழும்பு, பல்லேகல, தம்புள்ளை என்று ஆடிய யாழ்ப்பாண அணி, அந்த ஐந்து ஆண்டுகளில் யாழ்ப்பாணத்தில் ஒரு போட்டிகூட ஆடவில்லை. முதலாண்டுப் போட்டிகள் கொரோனாக் கட்டுப்பாட்டினால் பார்வையாளரே இல்லாமல் அம்பாந்தோட்டையில் நடந்தன. நம்மவர்கள் அந்த அணியைத் தொலைக்காட்சியில் மட்டுமே கண்டார்கள். அணியின் பெரும் ஆட்டக்காரர்களோ தென்னிலங்கையையும் வெளிநாடுகளையும் சேர்ந்தவர்கள். ஆகவே இத்தரவரிசையில் "சிறந்தவர் யார்" என்ற கேள்வியோடு "நம்மவர் யார்" என்ற கேள்வியும் ஒட்டிக்கொண்டே வருகிறது. இரண்டையும் குழப்பாமல் பார்ப்பதே என் முயற்சி.

பெயர் ஓரிடம், களம் வேறிடம் என்பது நமக்குப் புதிதன்று. கொழும்பில் 1899இல் தோன்றிய தமிழ் யூனியன் கழகத்தின் மைதானம்தான் பி. சரவணமுத்து அரங்கு. 1982இல் இலங்கை தன் முதலாவது டெஸ்ட் போட்டியை ஆடியது அங்கேதான். அந்தக் கழகத்தின் மகாதேவன் சதாசிவம் 1947இல் சென்னை சேப்பாக்கத்தில் தென்னிந்திய அணிக்கெதிராக 215 ஓட்டங்கள் குவித்தார். 1948இல் பிரட்மனின் அவுஸ்திரேலிய அணி கொழும்பில் ஆடியபோது இலங்கைக்குத் தலைமை தாங்கினார். ஆனால் அந்தப் பெருமையெல்லாம் கொழும்பில் விளைந்தது. குடாநாட்டின் கிரிக்கெட் பாடசாலை மைதானங்களில் தனியாக வளர்ந்தது. யாழ். மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் மோதும் வடக்கின் பெருஞ்சமர் 1904இல் தொடங்கியது. நூறாண்டு தாண்டிய அந்தப் போட்டியின் வீரர்களுள் தேசிய அணி வரை சென்றவர்கள் அரிது. இந்தப் பின்னணியோடு பட்டியலுக்குள் போகலாம்.

என் அளவுகோல்கள் மூன்று. கிண்ணம் வென்ற ஆண்டுகளில் ஆற்றிய பங்கு முதலாவது. நெருக்கடியான போட்டியில் செய்த காரியம் இரண்டாவது. அந்த அணியின் இயல்பையே உருவாக்கியதில் அவருக்குள்ள இடம் மூன்றாவது. பிறந்த ஊருக்குப் புள்ளி இல்லை.

ஏழாம் இடம்: சதீர சமரவிக்ரம. 2022 இறுதிப்போட்டி நான்கு இறுதிகளுள் மிகக் கடினமானது. கொழும்பு ஸ்டார்ஸ் 163 ஓட்டங்கள் எடுக்க, யாழ்ப்பாணம் எட்டு விக்கெட்டுகளை இழந்து, நான்கு பந்துகள் மீதமிருக்க வென்றது. அன்று 44 ஓட்டங்களுடன் ஆட்டநாயகன் சமரவிக்ரம. தொடர்நாயகன் விருதும் அவருக்கே. ஓசையில்லாத ஆட்டக்காரர் என்பதால் அவர் பெயரை மறந்துவிடுகிறோம்.

ஆறாம் இடத்தில் இருவர்: குசல் மெண்டிஸ், ரைலி ருசோ. இருவரையும் பிரிக்க மனம் வரவில்லை. 2024இல் இறுதிக்குச் செல்லும் போட்டியில் கண்டி அணியை ஒரே ஓட்டத்தால் வென்றோம். அதில் மெண்டிஸ் 54 பந்துகளில் 105. அடுத்து இறுதிப்போட்டியில் காலி மார்வெல்ஸ் 184 ஓட்டங்களைக் குவித்தது. தென்னாபிரிக்கரான ருசோ 53 பந்துகளில் ஆட்டமிழக்காமல் 106, மெண்டிஸ் ஆட்டமிழக்காமல் 72. பதினாறாவது ஓவரிலேயே கதை முடிந்தது, இழந்தது ஒரே விக்கெட். ஆற்றலை மட்டும் பார்த்தால் இவர்கள் இன்னும் மேலே நிற்க வேண்டும். எனினும் கட்டிய வீட்டில் கூரை வேய்ந்தவர்களுக்கும் அத்திவாரம் போட்டவர்களுக்கும் வேறுபாடு உண்டு.

ஐந்தாம் இடம்: சொயிப் மாலிக். 2020 இறுதிப்போட்டியில் காலி கிளேடியேட்டர்ஸ் அணிக்கெதிராக 46 ஓட்டங்கள், பிறகு 13 ஓட்டங்கள் கொடுத்து இரண்டு விக்கெட்டுகள். முதலாவது கிண்ணத்தை வென்ற நாளின் ஆட்டநாயகன் அவர். இளைஞர் நிறைந்த அணியில் பதற்றமில்லாத ஒரு மூத்தவர் இருப்பதன் பயனை அந்தப் பாகிஸ்தானியர் காட்டினார்.

நான்காம் இடம்: விஜயகாந்த் வியாஸ்காந்த். தேநீர்க் கடைத் தம்பி இவ்விடத்தில் முகம் சுளிப்பார் என்பது தெரியும். அவருக்குரிய விளக்கத்தைப் பட்டியல் முடிந்தபின் சொல்கிறேன்.

மூன்றாம் இடம்: வனிந்து ஹசரங்க. 2020இல் 17 விக்கெட்டுகள். தொடரிலேயே அதிகம் அதுதான், தொடர்நாயகனும் அவரே. 2021 கிண்ணத்திலும் பங்குண்டு. பிறகு கண்டி அணிக்குச் சென்றார். 2023இல் வெளியேற்றப் போட்டியில் அதே ஹசரங்க 9 ஓட்டங்களுக்கு ஆறு விக்கெட்டுகளை வீழ்த்தி நம்மை வீட்டுக்கு அனுப்பினார். யாழ்ப்பாணம் கிண்ணம் வெல்லாத ஒரே ஆண்டு அது. ஒரு வீரரின் பெறுமதி அவர் எதிரணிக்குப் போன பிறகுதான் முழுதாக விளங்குகிறது.

இரண்டாம் இடம்: அவிஷ்க பெர்னாண்டோ. எண்களை மட்டும் பார்த்தால் முதலிடம் இவருக்கே. அணியின் முதலாவது போட்டியிலேயே ஆட்டமிழக்காமல் 92. 2021இல் இறுதிக்கு வழிதிறந்த போட்டியில் சதம், இறுதியில் 63, தொடர்நாயகன் விருது. 2022இல் 339 ஓட்டங்களுடன் தொடரின் முதலிடம், இறுதியில் மீண்டும் அரைச்சதம். இடையில் ஓராண்டு தம்புள்ளைக்குப் போய்த் திரும்பி வந்து 2024 கிண்ணத்திலும் பங்குகொண்டார். நான்கு வெற்றிகளிலும் அவர் இருந்தார். தேசிய அணியில் இடம் நிலையாமல் தத்தளித்த காலத்திலும் யாழ்ப்பாணச் சட்டையில் அவர் வேறோர் ஆளாகவே தெரிந்தார்.

முதலிடம்: திசர பெரேரா. முதல் மூன்று கிண்ணங்களையும் தலைவராக நின்று உயர்த்தியவர். 2020இல் தம்புள்ளை அணிக்கெதிராக 44 பந்துகளில் ஆட்டமிழக்காமல் 97. அதே ஆண்டு இறுதியில் வெறும் 14 பந்துகளில் 39. அணி 188 வரை உயர்ந்தது அந்தச் சில நிமிடங்களில்தான். எதிரணி 135 ஓட்டங்களோடு நின்றுவிட்டது.

ஆனால் நான் அவரை முதலிடத்தில் வைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2020 டிசம்பர் 4ஆம் திகதி கொழும்பு கிங்ஸ் அணிக்கெதிரான போட்டியில், மறுநாள் 19 வயதை எட்டவிருந்த யாழ். மத்திய கல்லூரி மாணவர் ஒருவரிடம் அவர் பந்தைக் கொடுத்தார். அந்த இளைஞர் எடுத்த முதலாவது விக்கெட் ஏஞ்சலோ மெத்திவ்ஸ். அணியில் உள்ளூர்ப் பெயர்கள் இருக்க வேண்டும் என்பதற்காகச் சிலரைச் சேர்த்துவிட்டு, இருக்கையிலேயே வைத்து ஊருக்கு அனுப்புவது எளிது. அப்படியே பலருக்கு நடந்தது. தென்னிலங்கையிலிருந்து வந்த தலைவர் ஒருவர் அன்று அந்த எளிய வழியைத் தேர்ந்திருந்தால் எவரும் அவரைக் குறை கூறியிருக்கமாட்டார்கள்.

இனி வியாஸ்காந்த். 2022இல் எட்டுப் போட்டிகளில் 13 விக்கெட்டுகள். அதுவும் ஓட்டங்களை இறுக்கிப் பிடித்தபடி. ஹசரங்க விட்டுச்சென்ற இடத்தில் இன்னொரு மணிக்கட்டுச் சுழல் பந்துவீச்சாளர் நின்று கிண்ணத்தைக் காத்தார். பிறகு பங்களாதேஷ், ஐக்கிய அரபு இராச்சியம் ஆகியவற்றின் லீக் போட்டிகள். 2023 ஒக்டோபரில் சீனாவின் ஹாங்சோ ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கைச் சட்டை. 2024 மே மாதத்தில் இந்தியன் பிரீமியர் லீக்கில் சன்ரைசர்ஸ் ஹைதராபாத். காயமுற்ற ஹசரங்கவுக்குப் பதிலாகவே அவர் அங்கும் அழைக்கப்பட்டார். யாழ்ப்பாண அணியில் நடந்த அதே மாற்றம் இந்தியாவிலும் நடந்தது.

இவ்வளவையும் அவர் தன் விரல்களால் சம்பாதித்தார். மணிக்கட்டுச் சுழலில் அவர் வீசிய பந்துகளுக்கே நான்காம் இடம். ஊரவர் என்பதற்காக முதலிடத்துக்கு உயர்த்தினால், அது அவர் சம்பாதித்த இடத்தையும் சந்தேகத்துக்குள்ளாக்கும். "நம்ம பொடியன் என்பதால்தானே" என்று யாரோ ஒருவர் சொல்ல நாமே இடம் கொடுத்ததாகும். சலுகையால் வந்தவர் என்ற பேச்சோடு எத்தனையோ திறமைசாலிகள் காலமெல்லாம் வாழ நேர்ந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

எனக்குக் கவலை தருவது அவருடைய இடமன்று. அவருக்குப் பின்னால் வரிசை இல்லை என்பதே. 2020 அணியில் கனகரத்தினம் கபில்ராஜ், தெய்வேந்திரம் டினோஷன் ஆகிய பெயர்களும் இருந்தன. பின்னைய ஆண்டுகளில் வேறு பெயர்களும் வந்தன. ஆனால் ஐந்து சுற்றுப்போட்டிகளுக்குப் பிறகும் பதினொருவருள் நிலைத்து நின்ற குடாநாட்டவர் ஒருவரே. திறமை இல்லாமையால் அல்ல. பாய் விரித்த ஆடுகளத்தில் பாடசாலைக் காலம் முழுவதும் ஆடிவிட்டுப் புற்றரையில் கொழும்புப் பிள்ளைகளோடு போட்டியிடும் இளைஞன் மீண்டும் அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. 1983இலிருந்து 2009 வரை நீண்ட யுத்தம் ஒரு தலைமுறையின் மைதானத்தையே பறித்துக்கொண்டது. பாடசாலை முடிந்ததும் அடுத்த படி கொழும்பில்தான். அங்கு தங்கவும் உண்ணவும் வசதியுள்ள குடும்பங்கள் எத்தனை? மாதம் ஒருமுறை பேருந்தில் போய்வருபவர் தேசிய அணிக்குப் பயிற்சி எடுக்க முடியாது.

2025இல் அந்த அணி உரிமையாளருடனான ஒப்பந்தத்தை இலங்கை கிரிக்கெட் நிறுவனம் முடிவுக்குக் கொண்டுவந்தது. பெயர்களும் சின்னங்களும் முதலாளிகளோடு வந்து முதலாளிகளோடு போகும். அதே ஆண்டு செப்டெம்பர் 1ஆம் திகதி மண்டைதீவில் சர்வதேசக் கிரிக்கெட் மைதானத்துக்கான வேலையை ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க தொடக்கிவைத்தார். பண்ணைக் கடலைத் தாண்டி அமைகிறது அந்த இடம். ஓர் அரங்கு எழுவதாலேயே வீரர்கள் முளைத்துவிடுவார்கள் என்று நம்பும் வயதை நான் கடந்துவிட்டேன். அதைச் சுற்றிப் பாடசாலைகளுக்கு நல்ல புற்றரை ஆடுகளங்களும், ஆண்டு முழுவதும் ஊதியம் பெறும் பயிற்றுநர்களும், மாகாணத்துக்குள்ளேயே தரமான கழகப் போட்டியும் வேண்டும். இல்லையேல் மண்டைதீவிலும் வெளியூரவர் ஆட நாம் கைதட்டிக்கொண்டிருப்போம்.

கைதட்டுவது தவறென்று சொல்லவில்லை. திசரவுக்கும் அவிஷ்கவுக்கும் நம் பிள்ளைகள் கத்திக் கைதட்டினார்கள். 2009க்கு முன் நினைத்துப் பார்த்திருக்க முடியாத காட்சி அது. அதை நான் சிறிதாக மதிக்கவில்லை. மண்டைதீவில் முதலாவது போட்டி நடக்கும் நாளில் இந்தப் பட்டியலில் உள்ள அனைவரையும் அழைத்து, அவர்கள் சுமந்த பெயருக்குரிய ஊரை ஒருமுறையேனும் காட்ட வேண்டும் என்பது என் விருப்பம். இன்னொரு விருப்பமும் உண்டு. பத்தாண்டு கழித்து வேறொரு பத்திரிகைக்காரர் இதேபோன்றதொரு பட்டியல் எழுதும்போது, வியாஸ்காந்தை நான்காம் இடத்தில் வைப்பதற்கு அவர் என்னைப்போல் இரண்டு பந்தி விளக்கம் எழுத வேண்டியிருக்கக்கூடாது.

தம்பி, என் பதில் இதுதான். மறுப்பிருந்தால் தேநீர்க் கடையில் சந்திப்போம்.