ஒரே சூப்பர் கம்ப்யூட்டர்... ஆளுக்கொரு வெர்ஷன்! 'மாட்யூல்' எப்படி வேலை செய்யுது?

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் 'பரம் பிரவேகா' போன்ற சூப்பர் கம்ப்யூட்டரை ஒரே நேரத்தில் பல ஆய்வாளர்கள் பயன்படுத்துவார்கள். ஒருத்தருக்கு பழைய பைத்தான் வேணும், பக்கத்து லேபுக்கு புதுசு வேணும். என்ன செய்வது?

அதுக்குத்தான் மாட்யூல். 1990-களின் தொடக்கத்தில் வந்த முறை இது.

அட்மின் என்ன செய்வார்?

ஒவ்வொரு வெர்ஷனையும் பொது ஃபோல்டரில் தனித்தனியாக இன்ஸ்டால் செய்வார். கூடவே, மென்பொருள் எங்கே இருக்கு என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் 'மாட்யூல் ஃபைல்' ஒன்றையும் எழுதி வைப்பார்.

நீங்கள் என்ன செய்யணும்?

'மாட்யூல் அவைல்' என்று டைப் செய்தால் பட்டியல் வரும். 'மாட்யூல் லோடு' கொடுத்தால் அந்த வெர்ஷன் உங்களுக்கு மட்டும் தயாராகும். அடுத்தவர் வேலை பாதிக்காது. லாக்-அவுட் செய்தால், அடுத்த முறை மீண்டும் லோடு செய்யணும்.

இதை மறக்காதீங்க!

லோடு செய்யும்போது வெர்ஷன் எண்ணையும் சேர்த்தே எழுதுங்க. இல்லாவிட்டால் 'டீஃபால்ட்' வெர்ஷன்தான் வரும். புது வெர்ஷன் ஏறியதும் அது மாறலாம். போன வருஷம் கிடைத்த ஆய்வு முடிவு, இந்த வருஷம் அதே டேட்டாவுக்கு வேறு மாதிரி வரலாம். அதனால்தான் பழைய வெர்ஷனை அட்மின் சொல்லாமல் நீக்கக் கூடாது. ஆய்வை மறுபடி சரிபார்க்க அதுவே ஆதாரம்.