பைபாஸுக்குப் பிறகு பத்தாம் ஆண்டு

இந்தியாவில் வெற்றி கண்ட முதல் பைபாஸ் அறுவை சிகிச்சை, 1975-இல் சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் நடந்தது. செய்தவர் டாக்டர் கே.எம். செரியன். பக்கத்திலேயே ரயில் பெட்டித் தொழிற்சாலை, சுற்றிலும் பணிமனைகள். அங்கே சிகிச்சைக்கு வந்தவர்கள் ரயில்வே ஊழியர்களும் அவர்கள் குடும்பத்தாரும். நாட்டின் இதய சிகிச்சை வரலாற்றில் இவ்வளவு பெரிய காரியம் நடந்த இடம் ஒரு தொழிலாளர் மருத்துவமனை. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துத் தொழிலாளர்களின் இதயத்தைப் பற்றிப் பேச அங்கிருந்து தொடங்குவதே பொருத்தம்.

பைபாஸ் முறையை 1967-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் நிலைநாட்டியவர் அர்ஜென்டினாக்காரரான ரெனே ஃபவலோரோ. காலிலிருந்து நீளமான சிரை ஒன்றை எடுத்து, அடைப்பைத் தாண்டி இதயத் தமனியில் தைப்பார்கள். சிரைக்குள் ரத்தத்தை ஒரே திசையில் விடும் வால்வுகள் இருப்பதால் அதைத் தலைகீழாகத் திருப்பித்தான் பொருத்த வேண்டும். நெஞ்செலும்புக்குப் பின்னால் ஓடும் மார்புத் தமனியையும் பிரித்தெடுத்து இணைப்பது பின்னர் வழக்கமாயிற்று. மார்புத் தமனி பத்தாண்டு கழித்தும் பத்தில் ஒன்பது பேருக்குத் திறந்தே இருக்கிறது. கால் சிரை அப்படியில்லை. குறைந்த அழுத்தத்துக்கே பழகிய அது, தமனியின் அழுத்தம் பட்டுத் தடித்துப்போகிறது. உள்ளே கொழுப்பும் படிகிறது. பொருத்திய சிரைகளில் ஏறக்குறையப் பாதி பத்தாண்டுக்குள் அடைத்துக்கொள்கின்றன.

இதற்கிடையே இன்னொரு வழி பிறந்தது. 1977 செப்டம்பரில் சூரிச் நகரில் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக், நெஞ்சைத் திறக்காமலே இதயக் குழாய்க்குள் பலூனைச் செலுத்தி அடைப்பை விரித்தார். அவரிடம் பயின்ற டாக்டர் மேத்யூ சாமுவேல் களரிக்கல் ஆஞ்சியோபிளாஸ்டி எனப்படும் இந்தச் சிகிச்சையை 1986-இல் இந்தியாவில் முதன்முதலாகச் செய்தார். அதே ஆண்டு பிரான்ஸில், விரித்த குழாய் சுருங்காமல் தாங்கும் வலைக்குழாயான ஸ்டென்ட் முதன்முதலாக மனித இதயக் குழாயில் வைக்கப்பட்டது.

இரண்டு வழிகளிலும் குறுக்கே நின்றது சர்க்கரை நோய். 1948-இலேயே ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் எம். விஸ்வநாதன் நீரிழிவுக்குத் தனி வெளிநோயாளர் பிரிவு தொடங்கிய ஊர் சென்னை. அதே சென்னையில் டாக்டர் வி. மோகன் குழுவினர் நடத்தி 2001-இல் வெளியிட்ட ஆய்வில், சர்க்கரை சரியாக இருப்பவர்களில் 9.1 சதவீதத்தினருக்கு இதயத் தமனி நோய் இருந்தது. சர்க்கரை நோயாளிகளிலோ 21.4 சதவீதம்.

எந்தச் சிகிச்சை நல்லது என்ற கேள்விக்கு முதல் தெளிவான பதில் அமெரிக்காவின் ‘பாரி’ ஆய்விலிருந்து 1990-களின் நடுவில் வந்தது. பல குழாய்களில் அடைப்புள்ள சர்க்கரை நோயாளிகளில், பைபாஸ் செய்துகொண்டவர்களில் 80.6 சதவீதம் பேர் ஐந்தாண்டு கழித்தும் உயிரோடிருந்தார்கள். பலூன் சிகிச்சை பெற்றவர்களில் அது 65.5 சதவீதம்தான். மருந்து பூசிய ஸ்டென்ட் வந்த பிறகாவது நிலைமை மாறியதா என்று பார்த்தது 1,900 பேரைக் கொண்ட ‘ஃப்ரீடம்’ ஆய்வு. 2012-இல் அதன் முடிவும் பைபாஸ் பக்கமே சாய்ந்தது: ஐந்தாண்டில் மரணம், மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றைச் சந்தித்தவர்கள் ஸ்டென்ட் பிரிவில் 26.6 சதவீதம், பைபாஸ் பிரிவில் 18.7 சதவீதம்.

ஆனால் பைபாஸே அடைத்துக்கொண்டால்?

மறுபடி நெஞ்சைத் திறப்பது ஆபத்தானது. பழைய தழும்பில் எல்லாம் ஒட்டிக்கிடக்கும்; நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் மார்புத் தமனியே வெட்டுப்படலாம். ஆகவே பெரும்பாலும் ஸ்டென்ட்தான். பழைய சிரைக்குள் பலூனை விரித்தால் மெத்தென்ற கொழுப்புத் துகள் பிய்ந்து கீழே ஓடி நுண்குழாய்களை அடைத்துவிடும். அதைப் பிடிக்க, மீன் வலைபோல் விரியும் மிகச் சிறிய வடிகட்டியை அடைப்புக்கு அப்பால் நிறுத்திவிட்டு வேலை செய்வார்கள். இதே நோக்கத்துக்காக, அடைப்புக்கு அப்பால் பலூனால் ஓட்டத்தை நிறுத்தித் துகள்களை உறிஞ்சியெடுக்கும் முறையால் பாதிப்புகள் 16.5 சதவீதத்திலிருந்து 9.6 சதவீதமாகக் குறைந்ததை 2002-இல் வெளியான ‘சேஃபர்’ ஆய்வு காட்டியது. முடிந்தால் சிரையை விட்டுவிட்டு, நோயாளியின் சொந்தத் தமனியையே திறப்பது நல்லது என்பது 2021-இன் அமெரிக்க வழிகாட்டல். சர்க்கரை நோயாளிக்கு அதுவும் எளிதல்ல. குழாய்கள் மெலிந்து, நெடுக அடைத்து, சுண்ணாம்பு படிந்திருக்கும். சிறுநீரகம் பழுதாகியிருந்தால் எக்ஸ்ரே சாயமே கெடுதல். வைத்த ஸ்டென்டும் மற்றவர்களைவிட இவர்களுக்கே அதிகம் சுருங்குகிறது.

இனி ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் வருவோம். அங்கே இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி 1998-இல் தொடங்கியது. 2006-இல் ஸ்ரீபெரும்புதூருக்கு நோக்கியா, 2010-இல் ஒரகடத்துக்கு ரெனோ-நிசான், 2012-இல் டைம்லர் என்று ஆலைகள் வரிசையாக வந்தன. 1998-இல் 25 வயதில் வேலைக்குச் சேர்ந்தவர் இன்று ஐம்பதைக் கடந்துவிட்டார். ஷிஃப்ட் வேலையும் தூக்கக் குறைவும் சர்க்கரையையும் இதய நோயையும் கூட்டுகின்றன என்பது மருத்துவம் அறிந்த உண்மை. பைபாஸுக்கும், அதன் பின் வரும் ஸ்டென்டுக்கும் உரிய வயதை இந்தப் பகுதியின் முதல் தலைமுறை இப்போதுதான் எட்டுகிறது.

2017 பிப்ரவரியில் மத்திய அரசு விலைக்கு உச்சவரம்பு கட்டியதும், லட்சத்தைத் தாண்டி விற்ற மருந்து பூசிய ஸ்டென்ட் 29,600 ரூபாய்க்கு இறங்கியது. தொழிலாளிக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் அதே ஆண்டு ஜனவரி முதல் ஈ.எஸ்.ஐ.யின் சம்பள வரம்பு மாதம் 21,000 ரூபாய். அனுபவமுள்ள ஆபரேட்டர் அதைத் தாண்டினால் ஈ.எஸ்.ஐ. கிடையாது, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தின் வருமான வரம்போ அதைவிடவும் குறைவு. மிஞ்சுவது கம்பெனியின் குரூப் இன்சூரன்ஸ். அது பெரும்பாலும் வேலையோடு போய்விடும். ஸ்டென்ட் வைத்தவர் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையைக் காசில்லாமல் பாதியில் நிறுத்தினால் ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்து மாரடைப்பு வரலாம்.

ஆலைகளுக்கே போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் ‘தொழிலாளரைத் தேடி மருத்துவம்’ 2024-இல் தொடங்கியது. ஒரகடத்தில் மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து மருத்துவக் கருவிப் பூங்கா அமைக்கின்றன. இவற்றோடு இன்னொன்றும் உடனே வேண்டும்: பைபாஸ் ஆன தொழிலாளர்களுக்கு ஒவ்வொரு ஆலையிலும் தனிப் பதிவேடு, மூன்று மாதச் சர்க்கரை அளவும் கெட்ட கொழுப்பும் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் சேர்ந்த தொடர் பரிசோதனை, வேலையை விட்ட பிறகும் அறுந்துபோகாத மருந்துச் சீட்டு.