ட்ரிகரை அழுத்தியது யார்? - ஸ்டூடியோ ஃப்ளாஷ்களின் கதை

கேமரா வாங்கியாச்சு, லென்ஸ் ரெண்டு வாங்கியாச்சு, அடுத்து "லைட் வாங்கலாமா?" என்று அரிக்க ஆரம்பிக்கும் கட்டம் ஒன்று இருக்கிறது. போட்டோ கிறுக்கு பிடித்த எல்லாருக்கும் வரும். எனக்கு வந்து ஆறு மாசம் ஆகிறது. எத்தனை வாட்-செகண்ட், எந்த மவுண்ட், எந்த ட்ரிகர் என்று கேட்கப் போனால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். நான் பொட்டி தட்டுகிற ஆள். ஒரு கோட் ஏன் இப்படி எழுதியிருக்கு என்று புரியலைன்னா அதோட பழைய வெர்ஷனைத் தோண்டிப் பார்ப்பது எங்க தொழில் புத்தி. இந்த விளக்குகளையும் அப்படித்தான் தோண்டினேன். தோண்டத் தோண்ட வந்த சமாச்சாரத்தில், வாங்க வேண்டிய லைட்டையே கொஞ்ச நாள் மறந்துட்டேன். அதனால இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்தருள்க :-)

மின்சாரப் பொறியை வைத்து படம் எடுப்பது ஒன்றும் புதுசு இல்லை. 1851-லேயே இங்கிலாந்தில் ஃபாக்ஸ் டால்பட் லைடன் ஜாடிகளில் மின்சாரத்தைச் சேர்த்து வைத்து, ஒரு பொறியைப் பறக்கவிட்டு, சுற்றிக்கொண்டிருந்த டைம்ஸ் பத்திரிகைத் தாளைப் படம் பிடித்துக் காட்டினார். ஆனால் அது பரிசோதனைக் கூடத்து வேடிக்கையாகவே நின்றுவிட்டது. வெளிச்சம் தெருவுக்கு வந்தது 1887-ல். ஜெர்மனியில் அடால்ஃப் மீத்தேயும் யோஹானஸ் கேடிக்கேயும் மெக்னீசியம் பொடி, பொட்டாசியம் குளோரேட், ஆன்டிமனி சல்ஃபைடு மூன்றையும் கலந்து ஒரு ஃப்ளாஷ் பொடி செய்தார்கள். பட்டாசுக்கும் அதுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. பேர் மட்டும்தான் வேற: பிளிட்ஸ்லிக்ட்.

இந்தச் செய்தியை நியூயார்க்கில் ஒருத்தர் பேப்பரில் படிக்கிறார். ஜேக்கப் ரீஸ். டென்மார்க்கிலிருந்து பிழைக்க வந்தவர், போலீஸ் நிருபர். நகரத்துச் சேரி வீடுகளில் ஒரே அறையில் பத்துப் பதினைந்து பேர் படுத்துக் கிடப்பதை எழுதி எழுதிப் பார்த்தும் யாரும் நம்பவில்லை. வெளிச்சமே இல்லாத அறையைப் படம் எடுக்க வழி கிடைத்ததும், நடுராத்திரியில் கூட்டாளிகளோடு கிளம்பிவிட்டார். முதலில் துப்பாக்கி மாதிரி ஒரு கருவியில் பொடியை வைத்துச் சுட்டார்கள். துப்பாக்கியோடு ராத்திரியில் கதவைத் திறந்து உள்ளே வருகிறவனைப் பார்த்து ஜனங்கள் அலறி ஓடவே, ரீஸ் துப்பாக்கியை விட்டுவிட்டு வறுக்கிற சட்டியில் பொடியைக் கொட்டிக் கொளுத்த ஆரம்பித்தார். இரண்டு தடவை வீடு தீப்பிடித்ததையும், ஒரு தடவை தன் மேலேயே பற்றிக்கொண்டதையும் அவரே எழுதி வைத்திருக்கிறார்.

1890-ல் அந்தப் படங்கள் புத்தகமாக வந்தன. நகரம் அதிர்ந்தது. அவர் படம் எடுத்த மல்பெரி பெண்ட் சேரியை இடித்துத் தள்ளி 1897-ல் அங்கே ஒரு பூங்கா திறந்தார்கள். நல்லதுதான். ஆனால் அந்தப் படங்களில் தூக்கக் கலக்கத்தோடு, கண் கூசி, வாயைப் பிளந்து பார்க்கிறவர்களிடம் யாராவது அனுமதி கேட்டார்களா? கேட்கவில்லை. வெளிச்சம் யார் கையில் இருந்ததோ, அவர்தான் எதை, யாரை, எந்தக் கோலத்தில் காட்டலாம் என்று முடிவு செய்தார். ஃப்ளாஷோட கதையை எங்கே தொட்டாலும் இந்தக் கேள்வி கூடவே வருது. படம் நல்லது செய்தது என்பதால் இந்தக் கேள்வி எனக்குத் தீர்ந்துபோகவில்லை.

நடுவில் பல்பு யுகம். 1929-ல் யோஹானஸ் ஓஸ்டர்மையர் என்ற ஜெர்மானியர், ஆக்சிஜன் நிரப்பிய கண்ணாடிக் குமிழுக்குள் அலுமினியத் தகட்டை அடைத்து மின்சாரத்தால் பற்ற வைத்தார். புகை இல்லை, வீடு எரியாது. ஒரு படத்துக்கு ஒரு பல்பு, எடுத்ததும் குப்பை. பழைய ஹாலிவுட் படங்களில் நிருபர்கள் பாக்கெட்டிலிருந்து எடுத்து எடுத்து மாட்டுவார்களே, அதேதான்.

இப்போ நம்ம ஹீரோ. ஹெரால்ட் எட்ஜர்டன், நெப்ராஸ்கா மாநிலத்தில் 1903-ல் பிறந்தவர். எம்.ஐ.டி.யில் எலெக்ட்ரிகல். அவருக்கு போட்டோவைப் பற்றி அப்போது எந்தக் கவலையும் இல்லை. கவலை எல்லாம் ஸிங்க்ரனஸ் மோட்டாரைப் பற்றித்தான். ஓடுகிற மோட்டாருக்குள் என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்க்க முடியாது. மோட்டார் சுற்றுகிற அதே வேகத்தில் ஒரு விளக்கை மினுக்கினால், ரோட்டர் அப்படியே நிற்பது போலத் தெரியும். (ட்யூப்லைட் வெளிச்சத்தில் ஃபேன் இறக்கை பின்னோக்கிச் சுற்றுவதைப் பார்த்திருப்பீங்க, அதோட அண்ணன்.) 1931-ல் இதை வைத்தே டாக்டர் பட்டம். அப்புறம்தான் அந்த விளக்கை மோட்டாரை விட்டுவிட்டு ஊரில் இருக்கிற மற்ற பொருட்கள் மேல் திருப்பினார். குழாயிலிருந்து விழுகிற தண்ணி, பறக்கிற குண்டு, பால் துளி விழுந்து கிரீடம் மாதிரி தெறிக்கிற அந்தப் பிரபலமான படம் எல்லாம் அவர் எடுத்தவைதான்.

அவர் போட்ட சர்க்யூட்தான் சில மாற்றங்களோடு இன்றைக்கும் எல்லா ஸ்ட்ரோப் உள்ளேயும் இருக்கிறது. ஒரு கெபாசிட்டரை நிதானமாக சார்ஜ் செய்யணும். அதற்குக் குறுக்கே செனான் வாயு அடைத்த ஒரு குழாய். சாதாரணமாக அந்த வாயு மின்சாரத்தைக் கடத்தாது, கெபாசிட்டர் தேமேன்னு காத்துக்கிட்டு இருக்கும். குழாயைச் சுற்றியிருக்கும் மெல்லிய கம்பியில் ஒரு நொடிக்கும் மிகக் குறைந்த நேரத்துக்குச் சில ஆயிரம் வோல்ட் கொடுத்தால் வாயு அயனியாகிவிடும். அவ்வளவுதான், மடை திறந்த மாதிரி மொத்தச் சக்தியும் அதில் பாய்ந்து வெளிச்சமாகிவிடும். கதையில் முதல் ட்ரிகர் அந்தக் கம்பிதான். சக்தி எவ்வளவு என்பது ப்ளஸ் டூ ஃபார்முலா: பாதி சி வி ஸ்கொயர். 1000 மைக்ரோஃபாரட், 400 வோல்ட் என்றால் 80 ஜூல். அதைத்தான் விளம்பரத்தில் 80 வாட்-செகண்ட் என்று போடுகிறார்கள்.

எட்ஜர்டனும் அவருடைய மாணவர்கள் ஜெர்மஷவுசன், க்ரியர் இரண்டு பேரும் கூட்டாக இயங்கினார்கள். இரண்டாம் உலகப்போரில் விமானத்துக்குள் பெரிய கெபாசிட்டர் வரிசையை ஏற்றி, ராத்திரியில் மேலேயிருந்து தரையைப் படம் எடுக்கிற ஃப்ளாஷ் செய்தார்கள். 1944-ல் சோதனைக்காக ஸ்டோன்ஹெஞ்சை இரவில் வானத்திலிருந்து எடுத்த படம் இருக்கிறது, கிடைத்தால் பாருங்கள், பேய்ப்படம் மாதிரி இருக்கும். அதே வருஷம் நார்மண்டிக்குப் படை இறங்கும் நேரத்தில் ஜெர்மன் படை நகர்கிறதா என்று பார்க்க இதே ஃப்ளாஷ் உதவியது. 1947-ல் மூன்று பேர் பெயரின் முதல் எழுத்துகளை வைத்து ஈ.ஜி அண்ட் ஜி என்று கம்பெனி. வேலை என்ன தெரியுமா? அமெரிக்க அணுகுண்டு சோதனைகளுக்கு, குண்டு துல்லியமாக எந்தக் கணத்தில் வெடிக்கணும் என்கிற நேரக் கட்டுப்பாடு, வெடிக்க வைக்கிற சர்க்யூட். யோசித்தால் ஆச்சரியமில்லை. சேர்த்து வைத்த சக்தியை மைக்ரோசெகண்ட் பிசகாமல் ஒரே கணத்தில் அவிழ்த்துவிடத் தெரிந்தவர்கள் வேறு யார் இருந்தார்கள்? பால் துளிக்கும் அணுகுண்டுக்கும் ஒரே பொறியியல். இதைப் படித்த அன்னிக்கு ராத்திரி எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. நாம எழுதுற கோட் எங்கெல்லாம் போய் உட்காரும்னு யாருக்குத் தெரியும்.

சரி, ஸ்டூடியோவுக்குள் வருவோம். ஆரம்பத்தில் தரையில் ஒரு கனமான பவர் பேக், அதிலிருந்து தடித்த கேபிளில் விளக்குத் தலைகள். 1963-ல் லண்டன் போவன்ஸ் கம்பெனி, பேக்கையும் தலையையும் ஒரே உடம்பில் அடைத்து மோனோலைட் என்று விற்றது. நாம் இன்றைக்கு வாங்கப் பார்க்கும் உருவம் அதுதான். கேமராவையும் விளக்கையும் இணைக்க ஒரு வயர். அதற்கு பி.சி கார்ட் என்று பெயர். நம்ம கம்ப்யூட்டர் பி.சி இல்லை, ப்ரான்டர், காம்பூர் என்று இரண்டு ஜெர்மன் ஷட்டர்களின் முதல் எழுத்து. லேசாக இழுத்தால் கழன்றுவிடும், யாராவது கால் தடுக்கினால் விளக்கு தரையில். அதனால் இன்னொரு வெளிச்சத்தைக் கண்டால் தானும் வெடிக்கிற ஸ்லேவ் செல் வந்தது. ஃபிலிம் காலத்தில் அது அருமையாக வேலை செய்தது.

கெடுத்தது டிஜிட்டல். புதுக் கேமராக்களின் ஃப்ளாஷ், உண்மையான வெளிச்சத்துக்கு முன்னால் அளவு பார்க்க ஒரு சின்ன வெளிச்சம் அடிக்கும். ஸ்லேவ் செல் பாவம், அதைப் பார்த்து ஏமாந்து உடனே வெடித்துவிடும். ஷட்டர் திறக்கும்போது விளக்கில் சரக்கு காலி. கல்யாண மண்டபத்தில் இன்னும் மோசம், மாமா சித்தப்பா கேமரா எல்லாம் உங்க லைட்டை அடிச்சுக்கிட்டே இருக்கும். ரேடியோ ட்ரிகர் 2000-களில் அத்தனை வேகமாகப் பரவியதற்கு இதுதான் பெரிய காரணம் என்பது என் கட்சி. இன்னொன்று, கேமராவின் பின்னாடி இருக்கும் திரை. முன்பெல்லாம் வெளிச்சம் சரியா என்று பார்க்க போலராய்டு எடுத்துப் பார்க்கணும், மீட்டர் வேணும். திரை வந்ததும் அமெச்சூர்களும் தைரியமாக விளக்கைத் தொட ஆரம்பித்தார்கள். 2006-ல் பால்டிமோர் சன் பத்திரிகையின் போட்டோகிராபர் டேவிட் ஹாபி, ஸ்ட்ரோபிஸ்ட் என்ற பேரில், சின்ன ஃப்ளாஷை கேமராவிலிருந்து கழற்றி ஸ்டாண்டில் மாட்டும் வித்தையை இலவசமாகச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியதும் கூட்டம் அலைமோதியது.

இந்த இடத்தில் பால் பஃப் என்ற மனிதரைச் சொல்லாமல் போனால் பாவம். கலிஃபோர்னியாவில் குக்கமோங்கா என்ற ஊரில் ஒரு பாட்டு ரெக்கார்டிங் ஸ்டூடியோ வைத்திருந்தவர். ஐந்து ட்ராக் ரெக்கார்டரை அவரே செய்துகொண்டார். 'வைப் அவுட்' என்ற கிடார் பாட்டு அங்கேதான் பதிவானது. 1964-ல் ஸ்டூடியோவை ஃப்ராங்க் ஸாப்பா வாங்கிக்கொண்டார். பஃப் பிறகு நாஷ்வில் போய் ஒலிக்கருவிகள் செய்து, அப்புறம் ஃப்ளாஷ் பக்கம் வந்தார். ஒயிட் லைட்னிங், ஏலியன்பீஸ் என்று விளக்குகள். ஏலியன்பீஸ் பிங்க், பச்சை, மஞ்சள் என்று பொம்மை மாதிரி இருக்கும். நடுவில் கடைக்காரர் இல்லாமல் நேரடி விற்பனை, அதனால் விலை மற்றவர்களை விட மிகக் குறைவு. எனக்கு ஒரே ஒரு மனஸ்தாபம். 320 வாட்-செகண்ட் விளக்குக்கு பி800 என்று பேர் வைத்து, 800 'எஃபெக்டிவ்' என்று போட்டது. உண்மை அளவையும் பக்கத்திலேயே போட்டார் என்பதால் மன்னிச்சு விட்டுடலாம். 2015-ல் மறைந்தார்.

ரேடியோ ட்ரிகரில் அப்போதைய ராஜா, வெர்மான்டில் செய்த பாக்கெட்விசார்ட். விலையும் ராஜா விலை. அமெரிக்காவில் 344 மெகாஹெர்ட்ஸ் பக்கம், ஐரோப்பாவில் 433. ஆக, அமெரிக்காவில் வாங்கியதும் ஐரோப்பாவில் வாங்கியதும் ஒன்றோடொன்று பேசாது. 2009-ல் ஃப்ளெக்ஸ் என்று புது மாடல் விட்டபோது பெரிய கூத்து: கேனனின் சில ஃப்ளாஷ்களே அதே அலைவரிசையில் இரைச்சல் போட, ட்ரிகர் தூரம் சுருங்கிப் போச்சு. கம்பெனி கொடுத்த தீர்வு, ஃப்ளாஷுக்கு மாட்டிவிட ஒரு சாக்ஸ்! நிஜமாவே, ரேடியோ இரைச்சலைத் தடுக்கிற துணி உறை. அதற்குள் ஹாங்காங்கிலிருந்து கேக்டஸ், சீனாவிலிருந்து யோங்னுவோ என்று பத்தில் ஒரு பங்கு விலை ட்ரிகர்கள் வந்திறங்கின. யோங்னுவோ ஆர்.எஃப்-602 போன்றவை 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடின. உலகம் முழுக்க லைசென்ஸ் இல்லாத அலைவரிசை, நாட்டுக்கொரு மாடல் தேவையில்லை.

2017-ல் போவன்ஸ் கம்பெனியை மூடினார்கள். ஆனால் சாஃப்ட்பாக்ஸ் மாட்ட அவர்கள் செய்த மூன்று கொக்கி மவுண்ட் சாகவில்லை. கோடாக்ஸ் உட்பட எத்தனையோ சீனக் கம்பெனிகள் அதையே எடுத்துக்கொண்டன. எவனோ செய்த குடையை எவனோ செய்த விளக்கில் மாட்டலாம். ரேடியோ பக்கம் அப்படி நடக்கவே இல்லை. இன்றைய விளக்குகளுக்குள்ளேயே ரிசீவர் இருக்கிறது, சவுகரியம்தான். ஆனா ஒவ்வொரு கம்பெனிக்கும் தனி பாஷை. முதல் ட்ரிகரை வாங்கும் அன்றே அடுத்த நாலு விளக்குகளையும் எவனிடம் வாங்கணும் என்று நம் கையைக் கட்டிவிடுகிறான். ரீஸ் காலத்தில் சட்டி வைத்திருந்தவன் கையில் இருந்த அதிகாரம், இப்போ ப்ரோட்டோகால் வைத்திருக்கிறவன் கையில்.

அதனால் நான் எடுத்த முடிவு: ட்ரிகரை முதலில் தேர்ந்தெடுத்தேன், விளக்கை அப்புறம். எனக்குக் கிடைக்கிற, பிடிக்கிற பல விளக்குகளில் எந்தப் பாஷை இருக்கிறதோ அது. விளக்கு போவன்ஸ் மவுண்ட், 300 வாட்-செகண்ட். கடைக்காரர் 400 வாங்குங்க சார்னு ரொம்ப வற்புறுத்தினார். சக்தி இரட்டிப்பானால்தான் ஒரு ஸ்டாப் கூடும். 300-க்கும் 400-க்கும் அரை ஸ்டாப் கூட வித்தியாசம் இல்லை. என்னுடைய பத்துக்குப் பன்னிரண்டு ரூமுக்கு 300-ஏ ஜாஸ்தி. மிச்சமான காசில் நல்ல கனமான ஸ்டாண்டும், ரேடியோ சதி செய்தால் இருக்கட்டும் என்று ஒரு நீளமான வயரும்.

ஒரு கொசுறு: சித்தப்பா பீரோவில் தூங்கும் பழைய விவிடார் 283 மாதிரி ஃப்ளாஷ் கிடைத்தால் ஆசையாக டிஜிட்டல் கேமரா தலையில் செருகிடாதீங்க. அந்தக் காலத்து ஃப்ளாஷ் சிலவற்றில் ட்ரிகர் முனையிலேயே 200 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். ஃப்ளாஷை ஆன் செய்து, முழுசாக சார்ஜ் ஆனதும் அடியில் இருக்கும் நடுப்புள்ளிக்கும் ஓரத்துத் தகட்டுக்கும் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு முடிவு பண்ணுங்க. குடையா சாஃப்ட்பாக்ஸா சண்டையை அடுத்த பதிவில் வச்சுக்கலாம்.