இணையப் பாத்திரமேற்பு விளையாட்டுகளில் தொடக்கப் பயிற்சி

இணையத்தில் ஆயிரக்கணக்கானோர் ஒரே கற்பனை உலகில் ஒன்றாக விளையாடும் பாத்திரமேற்பு விளையாட்டுகளில், புதிதாக வருபவர் நடக்கவும் சண்டையிடவும் பொருள் சேர்க்கவும் பழகும் முதற்கட்டமே தொடக்கப் பயிற்சி. விளையாடுவோர் வழக்கில் இதற்கு டுடோரியல் என்று பெயர். சில விளையாட்டுகளில் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். சிலவற்றில் முதல் பத்து லெவல்வரை நீளும். சதுரங்கத்தையோ சீட்டாட்டத்தையோ பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் சொல்லித்தரலாம். இங்கே அந்தப் பக்கத்து ஆளின் வேலையை விளையாட்டே செய்தாக வேண்டும். புதியவர் பெரும்பாலும் தனியாக, யாரையும் தெரியாமல், எதை அழுத்தினால் என்ன ஆகும் என்ற தயக்கத்தோடுதான் உள்ளே வருகிறார்.

இவ்வகை விளையாட்டுகளின் மூதாதையான ‘மட்’, 1978-இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா தொடங்கி, ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்தெடுத்தது. படமே கிடையாது; முழுக்க எழுத்து. 1999-இல் வந்த எவர்குவெஸ்ட் முப்பரிமாண உலகைக் காட்டியது. ஆனால் அதில் வாழக் கற்றுக்கொடுப்பதில் அது கருமி. அப்போது புதியவரின் பையில் ஒரு சீட்டு இருக்கும். தம் தொழிலுக்குரிய குழுத்தலைவரைத் தேடிப்பிடித்து அதைக் கொடுக்க வேண்டும். தலைவர் முன் நின்று பேசலாம் என்று தட்டச்சு செய்யத் தொடங்கும்போது, சாட் பெட்டி திறந்திராவிட்டால், ‘ஏ’ என்ற விசை தாக்குதலைத் தொடங்கிவிடும். தலைவர் ஒரே அடியில் ஆளை முடித்துவிடுவார். இறந்தவரின் உடைமை எல்லாம் பிணத்தோடு கிடக்கும். வெறுங்கையோடு திரும்பி ஓடி எடுத்துவர வேண்டும். அந்தக் காலத்தைப் பாசத்தோடு நினைப்பவர்கள் உண்டு. அவர்கள் தாக்குப்பிடித்தவர்கள். முதல் மாலையிலேயே கணினியை அணைத்துவிட்டுப் போனவர்களின் கதையைச் சொல்ல ஆளில்லை.

ஒரு தீவும் கருகிய இறாலும்

2001-இல் வெளிவந்த ரூன்ஸ்கேப்பில், அடுத்த ஆண்டு சேர்க்கப்பட்ட பயிற்சித் தீவு இத்துறையின் முன்னோடிகளில் ஒன்று. 2013-இல் தொடங்கிய ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப்பில் அது இன்றும் இருக்கிறது. தீவில் வரிசையாக ஆசிரியர்கள் நிற்கிறார்கள். ஒருவர் சொன்னதைச் செய்து முடித்தால்தான் அடுத்தவரிடம் போகும் கதவு திறக்கும். பிழைப்புக் கலை ஆசிரியர் வலையைக் கொடுத்து இறால் பிடிக்கச் சொல்கிறார். கோடரியால் மரம் வெட்டித் தீ மூட்டி அதில் சமைக்க வேண்டும். சமையற்காரரிடம் மாவு பிசைந்து ரொட்டி சுட வேண்டும். சுரங்கத்தில் ஒரு கட்டி செம்புத் தாதும் ஒரு கட்டி வெள்ளீயத் தாதும் தோண்டி, உலையில் உருக்கி வெண்கலமாக்கி, பட்டறையில் ஒரு குத்துவாள் அடிக்க வேண்டும். அடுத்த அறையில், வெண்கல ஆயுதத்தோடு பெரிய எலியின் முன் நிற்கும்போது, ஆயுதம் எங்கிருந்து வருகிறது என்று விளக்க ஒரு சொல்லும் தேவைப்படுவதில்லை.

தீவின் பழைய வடிவத்தில் ஒரு நுட்பம் இருந்தது. புதியவர் சமைக்கும் முதல் இறால் கட்டாயம் கருகிப்போகும். உடனே, இது வழக்கந்தான், அனுபவம் கூடக்கூடக் கருகுவது குறையும், இன்னொன்று பிடித்துச் சமையுங்கள் என்று செய்தி வரும். தோல்வி இந்த உலகில் சாதாரணம், அதற்கு விலை ஓர் இறால்தான், திறமை ஏறினால் நிலைமை மாறும். இந்த மூன்றையும் ஒரு கருகிய இறால் சொல்லிவிட்டது. பயிற்சியில் எதுவுமே தவறாகப் போகாதபடி காத்துவிட்டு, வெளியே வந்ததும் முதல் தோல்வியில் திகைக்கவிடும் விளையாட்டுகள் இதைக் கவனித்திருக்க வேண்டும்.

தீவின் குறையும் அதே பூட்டிய கதவுகள்தான். ஆசிரியர் சொல்வதை மட்டும் செய்து பழகியவர், கடைசியில் லம்பிரிட்ஜ் என்ற ஊரில் இறக்கிவிடப்பட்டதும் இனி எங்கே போவது என்று விழிக்கிறார். விட்டுவந்த தீவுக்குத் திரும்பவும் வழியில்லை.

வாழும் இடத்திலேயே பாடம்

2004 நவம்பரில் வெளியான வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் தனித் தீவு வைக்காமல், ஒவ்வோர் இனத்துக்கும் உலகின் ஓர் அடைத்த மூலையைத் தொடக்க இடமாகக் கொடுத்தது. மனிதர்களுக்கு நார்த்ஷயர், ஓர்க்குகளுக்குச் சோதனைப் பள்ளத்தாக்கு. தலைக்கு மேல் மஞ்சள் ஆச்சரியக்குறி இருந்தால் அவரிடம் வேலை கிடைக்கும். வேலை முடிந்ததும் அதை ஒப்படைக்க வேண்டியவரின் தலைக்கு மேல் கேள்விக்குறி வரும். அன்றைய நார்த்ஷயரில் முதலில் எதிர்ப்பட்ட இளம் ஓநாய்கள் தாமாகப் பாய்ந்ததில்லை. அடித்தால்தான் திருப்பி அடிக்கும். எந்த விசைக்கு என்ன பலன் என்று நிதானமாகப் பார்க்க நேரம் கிடைத்தது. தாமாகத் தாக்கும் திருடர்கள் பிறகுதான் வந்தார்கள். பெயர்ப்பலகை இல்லாத வகுப்பறை இது. மாணவருக்குத் தாம் படிப்பதே தெரியாது.

இதற்கு நேர்மாறானது திரையை மறைக்கும் விளக்கப் பெட்டி. சாமான் பை, வரைபடம், திறன் மரம், சந்தை, வாகனம் என்று முதல் பத்து நிமிடத்திலேயே பெட்டிக்கு மேல் பெட்டி திறந்தால், படிக்காமல் மூடும் பழக்கம் ஒன்றைத்தான் புதியவர் கற்றுக்கொள்வார். பிறகு உண்மையிலேயே முக்கியமான செய்தி வந்தாலும் அதே வேகத்தில் மூடிவிடுவார். பை நிரம்பி வழியும்போது பையைப் பற்றிச் சொன்னால் போதும். முதல்முறை இறந்தபின் உயிர்த்தெழுவதைப் பற்றிச் சொன்னால் போதும். ஏற்கெனவே தெரிந்தவருக்குப் பயிற்சியைத் தாண்டிச் செல்லும் வழியும் வேண்டும். இரண்டாவது, மூன்றாவது பாத்திரம் உருவாக்குபவரை மறுபடி அ, ஆ எழுதச் சொல்வது கொடுமை. வார்கிராஃப்ட் 2020-இல் கொண்டுவந்த எக்ஸைல்ஸ் ரீச் என்ற தீவு, முற்றிலும் புதியவருக்கு மட்டும் கட்டாயம். பழையவர்கள் வேறு தொடக்க இடத்தைத் தேர்ந்துகொள்ளலாம். அத்தீவு முடிவதும், சிறு குழுவாக நுழைய வேண்டிய ஒரு கோட்டையில்.

பிறரோடு விளையாடக் கற்பது

அந்தக் கோட்டை ஒரு முக்கியமான இடத்தைத் தொடுகிறது. இவ்விளையாட்டுகளின் உண்மையான அடிப்படை, பிற மனிதர்களோடு சேர்ந்து விளையாடுவது. பல பயிற்சிகள் இதை அறவே விட்டுவிடுகின்றன. இருபது மணி நேரம் தனியாகவே ஆடியவர், ஒருநாள் முன்பின் தெரியாத நால்வரோடு நிலவறைக்குள் போகிறார். முன்னால் நின்று அடி வாங்க வேண்டியவர் டேங்க், காயம் ஆற்றுபவர் ஹீலர் என்பதே அவருக்குத் தெரியாது. சாட்டில் வசை விழுகிறது. கூச்சமுள்ளவர் அதோடு திரும்பி வருவதில்லை. குற்றம் அவருடையதில்லை, கற்றுக்கொடுக்காத விளையாட்டினுடையது.

இதில் மற்றவற்றைவிட அக்கறை காட்டியது ஃபைனல் ஃபேன்டசி 14. புதியவரின் பெயருக்குப் பக்கத்தில் சிறு பச்சை முளை ஒன்று தெரியும். 2016-இல் சேர்க்கப்பட்ட புதியோர் கூடத்தில் டேங்க், ஹீலர், தாக்குபவர் என்று ஒவ்வொரு பொறுப்புக்கும் தனித்தனிப் பயிற்சி உண்டு. முடித்தால் அந்த லெவலுக்குப் பயன்படும் கவசமும் மோதிரமும் கிடைக்கும். அதே காலத்தில், அனுபவசாலிகள் வழிகாட்டிகளாகப் பதிந்து புதியவரின் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் தனி சாட் தடமும் வந்தது. இவற்றினும் முக்கியமாக நான் கருதுவது வேறொன்று. ஒரு நிலவறையை முதல்முறை முடிப்பவர் குழுவில் இருந்தால், குழுவில் உள்ள எல்லோருக்கும் கூடுதல் வெகுமதி உண்டு. “நான் புதுசு” என்று ஒருவர் சொன்னால், மற்றவர்கள் சலித்துக்கொள்ளாமல் வரவேற்க ஒரு காரணம் கிடைக்கிறது.

சில இடங்களில் விளையாட்டு செய்யாததை விளையாடுவோரே செய்திருக்கிறார்கள். 2003-இல் ஐஸ்லாந்திலிருந்து வந்த விண்வெளி விளையாட்டான ஈவ் ஆன்லைன், கற்பதற்குக் கடினமானது என்று பெயர் பெற்றது. மறுஆண்டே விளையாடுவோர் தரப்பிலிருந்து அதற்குள் ஈவ் பல்கலைக்கழகம் என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. புதியவரைச் சேர்த்துக்கொண்டு வகுப்பு எடுப்பதும், கப்பற்படையில் உடன் அழைத்துப்போய்ப் பழக்குவதும் அதன் வேலை. அங்கே கப்பலை இழப்பதும் பாடத்தில் சேர்ந்ததுதான்.