எண்பது மைல் சுதந்திரம்

மின்சாரக் கார் வாங்கினால் கட்டுபடியாகுமா, பெட்ரோல் காரே போதுமா என்ற பேச்சு இப்போது பல வீடுகளில் நடக்கிறது. எங்கள் வீட்டிலும் நடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அண்ணனும் என் கணவரும் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள்.

கணக்கு எளிமையானதுதான். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், கார் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் என்று வைத்துக்கொண்டால் கிலோமீட்டருக்கு 6 ரூபாய் 70 காசு ஆகிறது. மின்சாரக் கார் யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் ஓடும், யூனிட் 8 ரூபாய் என்றால் கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 15 காசு. மிச்சம் ஐந்தரை ரூபாய். மின்சாரக் காருக்கு 4 லட்சம் கூடுதலாகக் கொடுத்து வாங்கினால், அந்தப் பணம் திரும்பிவர ஏறத்தாழ 73,000 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். ஆண்டுக்கு 20,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு நான்கு ஆண்டுக்குள் திரும்பிவிடும். 5,000 கிலோமீட்டர் மட்டும் ஓட்டுகிறவருக்குப் பதினான்கு ஆண்டுக்கு மேலாகும். அதற்குள் பேட்டரியே மூப்படைந்துவிடலாம்.

கணக்கை முடித்துவிட்டு அண்ணன் என்னிடம் சொன்னார்: "கடைக்கும் ஸ்கூலுக்கும் போய் வர உனக்கு எலெக்ட்ரிக் வண்டி நல்லா இருக்கும்மா. வெளியூருக்குப் போக எங்களுக்குப் பெட்ரோல் வண்டி இருக்கட்டும்."

அன்போடுதான் சொன்னார். ஆனால் காகிதத்தில் இருந்த கணக்கு இதற்கு நேர்மாறாக அல்லவா சொன்னது? அதிகம் ஓட்டுகிறவருக்குத்தான் மின்சாரக் கார் லாபம். குறைவாக ஓட்டுகிறவருக்கு அது நஷ்டம். பிறகு ஏன் குறைவாக ஓட்டுகிறவள் கையில் அதைக் கொடுக்கத் தோன்றுகிறது? இந்தக் கேள்வியோடு வரலாற்றைத் தேடிப் படித்தபோதுதான், அண்ணன் சொன்ன வாக்கியத்துக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது என்று தெரிந்தது.

1900ஆம் ஆண்டு அமெரிக்காவில் 4,192 கார்கள் தயாராயின. அவற்றில் 1,681 நீராவியில் ஓடியவை, 1,575 மின்சாரத்தில் ஓடியவை. பெட்ரோல் கார்கள் வெறும் 936. மூன்றில் எது நிலைக்கும் என்று அன்று யாராலும் சொல்ல முடிந்திருக்காது. மின்சாரக் காரில் சத்தம் இல்லை, புகை இல்லை, கியர் மாற்றும் தொல்லை இல்லை. பெட்ரோல் காரைக் கிளப்ப முன்பக்கம் நின்று இரும்புக் கைப்பிடியைச் சுழற்ற வேண்டும். எஞ்சின் திருப்பி உதைத்தால் மணிக்கட்டு எலும்பு முறியும். இப்படி முறிவது வழக்கமாகிப்போனதால், மருத்துவத்தில் ஒருவகை மணிக்கட்டு முறிவுக்கு 'ஓட்டுநர் முறிவு' என்ற பொருளில் பெயரே வந்துவிட்டது. முறிந்தவை பெரும்பாலும் ஆண்களின் கைகள். இருந்தும் கைப்பிடியைச் சுழற்றுவது 'பெண்களால் ஆகாத வேலை' என்றுதான் பேசப்பட்டது. ஆணின் கை முறிந்தால் அது இயந்திரத்தின் குறை. பெண்ணுக்குச் சிரமமாக இருந்தால் அது பெண்ணின் குறை.

பெண்களால் ஆகாதா? பெட்ரோல் காரில் முதன்முதலாக நெடுந்தூரம் போனவர் ஒரு பெண். 1888 ஆகஸ்டில் ஜெர்மனியின் மான்ஹைம் நகரிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு, தன் தாய்வீட்டுக்கு, இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு போனார் பெர்த்தா பென்ஸ். கணவர் கார்ல் பென்ஸ் உருவாக்கிய வண்டி அது. அவருடைய தொழிலைத் தூக்கி நிறுத்தியதோ பெர்த்தாவின் சீதனப் பணம். வழியில் எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். எரிபொருள் தீர்ந்தபோது மருந்துக்கடையில் வாங்கி ஊற்றினார். பிரேக் தேய்ந்தபோது செருப்புத் தைப்பவரிடம் தோல் வைத்துத் தைத்துக்கொண்டார். இயந்திரம் பெண்ணுக்குப் புரியாது என்று பின்னாளில் பேசியவர்கள் இந்தப் பயணத்தை வசதியாக மறந்துவிட்டார்கள்.

அமெரிக்கத் தயாரிப்பாளர்கள் வேறு வழி எடுத்தார்கள். ஆணுக்குப் பெட்ரோல், பெண்ணுக்கு மின்சாரம் என்று சந்தையைப் பிரித்தார்கள். 1907இல் சந்தைக்கு வந்த 'டெட்ராய்ட் எலெக்ட்ரிக்' காரைப் படங்களில் பாருங்கள். நான்கு பக்கமும் உயரமான கண்ணாடி, மெத்தை இருக்கைகள், பூ வைக்கச் சின்னக் குவளை. ஸ்டீயரிங் சக்கரம் கிடையாது. ஒரு நெம்புகோலைப் பிடித்துத் திருப்ப வேண்டும். வரவேற்பறைக்குச் சக்கரம் பூட்டியதுபோல இருக்கும். ஒருமுறை சார்ஜ் ஏற்றினால் 80 மைல், அதாவது ஏறத்தாழ 130 கிலோமீட்டர் ஓடும் என்று விளம்பரம் செய்தார்கள். வேகம் மணிக்கு 20 மைல் அளவில்தான். கடைத்தெரு, தேவாலயம், தோழி வீடு. ஒரு சீமாட்டிக்கு இதற்குமேல் எங்கே போக வேண்டியிருக்கிறது என்பதுதான் அதன் பின்னால் இருந்த எண்ணம்.

இந்த வரலாற்றில் என்னை அதிகம் யோசிக்க வைத்தவர் கிளாரா ஃபோர்ட். உலகத்தையே பெட்ரோல் காரில் ஏற்றிய ஹென்றி ஃபோர்டின் மனைவி. அவர் ஓட்டியது தன் கணவரின் மாடல் டி காரை அல்ல, டெட்ராய்ட் எலெக்ட்ரிக்கை. 1914இல் செய்யப்பட்ட அவருடைய கார் டியர்பார்ன் நகரிலுள்ள ஹென்றி ஃபோர்ட் அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. வசதியான, அழகான வண்டி. அவர் அதை விரும்பியே ஓட்டியிருக்கலாம். விருப்பத்தைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் எந்த விருப்பங்கள் நம் கைக்கு எட்டும்படி வைக்கப்படுகின்றன என்பதைக் கேட்டுத்தானே ஆக வேண்டும்?

எல்லாப் பெண்களுக்கும் அந்த விருப்பம்கூட எட்டவில்லை. 1912இல் பெட்ரோல் கார் 650 டாலருக்குக் கிடைத்தபோது, திறந்த மின்சாரக் கார் ஒன்றின் விலை 1,750 டாலர். டெட்ராய்ட் எலெக்ட்ரிக்கில் எடிசனின் நிக்கல்–இரும்பு பேட்டரி வேண்டுமென்றால் அதற்கு மட்டும் 600 டாலர் கூடுதல். ஏறக்குறைய ஒரு பெட்ரோல் காரின் விலை! 1914 ஜனவரியில் ஃபோர்ட் நிறுவனம் நாளுக்கு 5 டாலர் கூலி என்று அறிவித்து உலகையே வியக்க வைத்தது. அந்தக் கூலியை ஒரு காசு செலவழிக்காமல் சேர்த்தாலும் 1,750 டாலருக்கு 350 நாள் உழைக்க வேண்டும். அந்த 5 டாலரிலும் முதலில் பெண் தொழிலாளர்கள் சேர்க்கப்படவில்லை. பிறர் வீட்டுத் துணி துவைத்தவளும் ஆலையில் நூல் நூற்றவளும் மின்சாரத்தில்தான் பயணம் செய்தார்கள், டிராம் வண்டியில், நின்றபடி.

இதற்கு நடுவே வேறு சில பெண்கள் பெட்ரோல் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். 1909இல் 22 வயது ஆலிஸ் ராம்சி, கார் ஓட்டத் தெரியாத மூன்று பெண்களை ஏற்றிக்கொண்டு நியூயார்க்கிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு 59 நாளில் போய்ச் சேர்ந்தார். பெரும்பாலும் மண் சாலை. வழியில் 11 டயர்களைக் கழற்றி மாட்டினார். 1916இல் ஆலிஸ் பர்க், நெல் ரிச்சர்ட்சன் என்ற இருவர் சின்னஞ்சிறிய மஞ்சள் நிற சாக்சன் காரில் நாட்டைச் சுற்றிவந்து பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் பேசினார்கள். அதுவும் பெட்ரோல் கார்தான். 80 மைலுக்குள் இருந்துகொண்டு நாடு முழுவதும் வாக்குக் கேட்க முடியாதே.

மின்சாரக் கார் தோற்றதற்குப் பெண்களோடு சேர்த்துப் பேசப்பட்டது மட்டும் காரணமில்லை. 1901இல் டெக்சாஸில் பெரும் எண்ணெய் ஊற்று கிளம்பியது. ஃபோர்ட் தொழிற்சாலையில் கார் விலை ஆண்டுக்கு ஆண்டு இறங்கியது. நகரங்களுக்கு வெளியே பெரும்பாலான வீடுகளில் மின்சாரமே இல்லை. ஆனால் 'பொம்பளை வண்டி' என்ற பெயரும் தன் பங்கைச் செய்தது. வர்ஜீனியா ஷார்ஃப் என்ற வரலாற்றாசிரியர் 1991இல் வெளியிட்ட 'டேக்கிங் தி வீல்' நூலில், ஆண் உலகம், பெண் உலகம் என்ற பிரிவினை கார்த் தொழிலுக்குள் எப்படிப் புகுந்தது என்பதை விரிவாகக் காட்டியிருக்கிறார். பின்னாளில் டெட்ராய்ட் எலெக்ட்ரிக் சில கார்களுக்கு முன்பக்கம் பொய்யாக ஒரு ரேடியேட்டரைப் பொருத்தி, பெட்ரோல் கார் போலத் தோன்றும்படி விற்றது. ஆண்பிள்ளை வேஷம் கட்டியும் பயனில்லை. அந்த நிறுவனம் தன் ஆயுளில் செய்த கார்கள் சுமார் 13,000. மாடல் டி கார்களோ ஒன்றரைக் கோடிக்கு மேல்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. மின்சாரக் காரைக் கடைசியாக வீழ்த்தியவற்றுள் ஒன்று மின்சார மோட்டார்தான். சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய செல்ஃப் ஸ்டார்ட்டர் 1912ஆம் ஆண்டு கடிலாக் காரில் வந்தது. ஒரு பேட்டரி, ஒரு சின்ன மோட்டார். கைப்பிடியைச் சுழற்றும் வேலை போயிற்று. நம் ஸ்கூட்டரில் கட்டைவிரலால் அழுத்துகிறோமே, அந்தப் பொத்தானின் பாட்டி அதுதான். பெண்ணுக்கு வேண்டியது என்று ஏளனமாக ஒதுக்கிய வசதியை ஆண்களும் எடுத்துக்கொண்டார்கள். எடுத்துக்கொண்ட பிறகு அது 'பெண்களுக்கானது' என்ற பெயரை இழந்து, முன்னேற்றம் என்ற பெயரைப் பெற்றது.

அன்றைய மின்சார வண்டிகளில் நீடித்து உழைத்தவை எவை என்று பார்த்தால் என் கேள்விக்கு விடை கிடைக்கிறது. நகரங்களுக்குள் ரொட்டியும் கடைச் சரக்கும் பாலும் சுமந்த வண்டிகள்தான் அவை. பிரிட்டனில் மின்சாரப் பால்வண்டிகள் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை தெருத்தெருவாக ஓடின. காரணம், அவை தினமும் ஓடின. வாங்கும்போது விலை அதிகம், ஓட்டும்போது செலவு குறைவு என்றிருக்கும் வண்டிக்கு ஓட ஓடத்தான் லாபம். அதை வாங்கிப் பெண்ணிடம் கொடுத்து, 'தூரமாகப் போகாதே' என்றும் சொன்னால் எந்தக் காலத்திலும் கட்டுபடியாகாது. பிறகு வண்டி சரியில்லை என்று பழி போடலாம்.

ஆகவே 'கட்டுபடியாகுமா?' என்று கேட்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: யார், எவ்வளவு தூரம் போகப்போகிறார்?

அந்தக் காகிதத்தை நான் இன்னும் வைத்திருக்கிறேன். அதில் கடை இருந்தது, பள்ளிக்கூடம் இருந்தது. நான் பாடம் நடத்தும் கல்லூரி இல்லை. வீட்டிலிருந்து 35 கிலோமீட்டர். பதினோரு ஆண்டாகப் பஸ்ஸில் போய் வருகிறேன். போக வர 70 கிலோமீட்டர், ஆண்டுக்கு 220 நாள் என்றால் 15,400 கிலோமீட்டர். எங்கள் வீட்டில் யாரும் இவ்வளவு தூரம் போவதில்லை. ஆனால் நான் பஸ்ஸில் போவதால் அது ஒரு தூரமாகவே யாருக்கும் தெரியவில்லை.

கீழே நானே எழுதினேன்: 73,000 வகுத்தல் 15,400. ஐந்து ஆண்டுக்குள் பணம் திரும்பிவிடும். அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை சரிபார்த்தார். கணக்கில் தப்பில்லை என்றார்.